கடையில் நல்லுறவு: ஊழியரிடம் நாம் நடந்துகொள்ளும் முறை



சரக்கு விலையைப் பற்றியும், வரியைப் பற்றியும், எடைக்கல் முத்திரையைப் பற்றியும் நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு கதவை இழுத்து மூடும் வரை நம்மோடு நிற்கிற மனிதர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும், "ஆள் கிடைப்பதில்லை", "கிடைத்தவன் நிற்பதில்லை" என்ற இரண்டு வாக்கியங்களோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் நிற்பதில்லை என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. இந்தப் பாடத்தில் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

ஆர்.கே.பேட்டையில் பொழுது விடியும் நேரத்தில் கடைத்தெருவில் நின்று பாருங்கள். நாம் பால் பாக்கெட் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி என்று நம் ஊர்ப் பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். பல மணி நேரம் பயணம், இரவு ஷிப்ட், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. இவ்வளவு இருந்தும், வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வந்துவிடக்கூடிய நம் மளிகைக் கடை அவர்களுக்கு வேண்டாமாம். சம்பளம் ஒரு காரணம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் சம்பளத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். கம்பெனியில் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள். தெரு முழுக்கக் கேட்கும்படி யாரும் "டேய்" என்று கூப்பிடமாட்டார்கள்.

எங்கள் கடையில் நடந்தது

இதை எழுதுகிற எங்களுக்கு இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எங்கள் கடையில் நடந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் பதினோரு ஆண்டு வேலை பார்த்த தம்பி ஒருவர் இருந்தார். பொட்டலம் மடிக்கிற வேலையில் சேர்ந்து, எடை போட்டு, பிறகு பற்று நோட்டு முழுவதையும் கையில் வைத்திருந்தவர். நம் பகுதி தறிக்காரர்கள் நிறைந்த பகுதி. தறிக்கூலி கைக்கு வந்ததும் பாக்கி தீர்ப்பார்கள். நூல் வராத வாரம் பாக்கி நிற்கும். யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், எந்த வீட்டில் கூலி என்றைக்கு வரும், எந்த அம்மாவிடம் பாக்கி கேட்டால் அழுவார், எந்தப் பெரியவரிடம் கேட்டால் கோபிப்பார் என்பதெல்லாம் அந்தத் தம்பிக்கு மனப்பாடம். நோட்டில் இருந்தது தொகை மட்டும். மற்றதெல்லாம் அவர் மனதில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் நெரிகிற நேரம். கல்லாவில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. அன்று கல்லாவில் எங்கள் வீட்டு ஆள், தம்பி என இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் யோசிக்கவில்லை. ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "சட்டைப் பையில் என்ன இருக்கு, எடு" என்று கேட்டுவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து மேசை மேல் வைத்தார். முந்நூற்றுச் சொச்சம் ரூபாயும் ஒரு மருந்துச் சீட்டும் இருந்தன. அதை அப்படியே திரும்ப எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, எதிரில் நின்ற அம்மாவுக்குத் துவரம்பருப்பு நிறுத்துக் கொடுத்தார்.

இரவு நாள்வரவேட்டை எழுதி முடிக்கும்போது எடைக்கல்லின் கீழ் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. பிஸ்கட் ஏஜென்சி விற்பனையாளருக்கு மதியம் கொடுத்த இரண்டாயிரம். கொடுத்தது எங்கள் வீட்டு ஆள்; எழுத மறந்தவரும் அவரே. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். காலையில் அவர் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி கொடுத்தார்கள். "தப்பு எங்க பேர்ல தாம்பா" என்று சொன்னோம். "பரவாயில்லைங்க முதலாளி" என்றார். அவ்வளவுதான். அவர் அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "பதினோரு வருஷமா பையில கை வைக்காதவன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

இதில் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கணக்கில் எழுத முடியாது. புதிதாக வந்த பையன் பத்து, பதினைந்து வருட வாடிக்கைக்காரரைப் பார்த்து, "உங்க பேரென்ன, எந்தத் தெரு?" என்று கேட்டான். அவன் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த வாடிக்கைக்காரர் பாக்கியைத் தீர்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அன்று மாலை கடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்த ஏழெட்டுப் பேரில் இரண்டு பேர் அதற்குப் பிறகு எங்கள் கடைப் படி ஏறவில்லை. "அவனுக்கே அப்படின்னா நாளைக்கு எனக்கு?" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது.

கல்லாச் சண்டை வராமல் இருக்க

கடையில் முதலாளிக்கும் ஊழியருக்கும் வருகிற மனக்கசப்புகளில் பாதி கல்லாவில்தான் தொடங்குகிறது. நல்ல மனசு இருந்தால் மட்டும் இதற்குப் போதாது. கணக்கு முறையும் வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்கள் கடையில் நாங்கள் செய்துகொண்ட மாற்றங்களைச் சொல்கிறோம். உங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

கல்லாவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். ஆள் மாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணி, ஒரு சிறு நோட்டில் தொகையையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். கூட்ட நேரத்துக்கு முன் மாற்றிக்கொண்டால் மூன்று நிமிடம் போதும். கல்லாவிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் சீட்டு உண்டு. வீட்டுக்குக் காய்கறி வாங்க நாமே எடுக்கிற நூறு ரூபாய்க்கும் சீட்டு உண்டு. உண்மையைச் சொன்னால், கல்லாவில் குறைகிற பணத்தில் பெரும்பகுதி முதலாளி வீட்டார் எழுதாமல் எடுத்த பணமாகத்தான் இருக்கும். இப்போது க்யூஆர் அட்டையில் வருகிற பணம் வேறு. அது யாருடைய கைப்பேசிக்குப் போகிறதோ அவர் கடையில் இல்லாத நேரத்தில், வந்ததா இல்லையா என்ற தகராறு ஊழியர் தலையில் விழுகிறது. பணம் வந்ததை வாயால் அறிவிக்கும் சிறு பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் அந்தத் தகராறு தீர்ந்தது.

தொகை குறைந்தால் முதலில் நம் பக்கத்துக் கணக்கைச் சரிபார்ப்பது. அதற்குப் பிறகும் குறைந்தால், கடை மூடிய பின் உள்ளே கிடங்கில் உட்கார்ந்து பேசுவது. "எங்க போச்சு?" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்பதும், "எங்க விட்டிருப்போம், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வதும் ஒன்றல்ல. குறைந்த தொகையைச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. திருட்டு என்று உறுதியானால் அதற்கு வழி வேறு. வெறும் சந்தேகத்தின் மேல் பிடித்தால், பிடித்த தொகையைப் போல் பல மடங்கு அவர் மனதிலிருந்து போய்விடும்.

உட்கார ஓர் இடம்

நல்லுறவு என்றதும் இனிய சொல், சிரித்த முகம் என்று பேசத் தொடங்கிவிடுவது வழக்கம். அதற்கு முன்னால் ஒரு சாதாரணப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முக்காலி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டில் வந்தது. 2021 செப்டம்பர் மாதத்தில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதன்படி 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றபடி இருக்க வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். நாள் முழுக்க நிற்பதால் ஊழியர்களுக்கு உடல்நலக் கேடு வருகிறது என்பதுதான் மசோதாவுக்குச் சொல்லப்பட்ட காரணம்.

இது பெரிய ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும்தானே, நமக்கென்ன என்று பலர் நினைத்தோம். சட்டம் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. ஓர் ஆள் வேலைக்கு வைத்திருக்கிற மளிகைக் கடையும் கடைதான்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், கழிப்பறை இல்லாமலும், உட்கார அனுமதி இல்லாமலும் பட்ட துன்பத்திலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. தையல் தொழில் செய்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் அவர்களைத் திரட்டினார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைச் சேர்த்தது. தமிழ்நாட்டின் திருத்தம் அதற்கு மூன்று ஆண்டு பின்னால் வந்தது. இங்கிலாந்தில் இது இன்னும் பழைய கதை. அங்கே 1899இலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை தரும் சட்டம் ஒன்று வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று அது சொன்னது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 44ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. ஆக, தொழிற்சாலைக்கு அப்போதே கிடைத்தது கடைக்கு வர எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மளிகைக் கடையில் கூட்டம் ஒரே சீராக இருப்பதில்லை. காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை மூச்சுவிட நேரமிருக்காது. மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரையும் அப்படியே. நடுவில் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஈ ஓட்டுகிற நேரம். அந்த நேரத்திலும் ஊழியர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? "உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும், வாடிக்கைக்காரர் தப்பாக நினைப்பார்" என்பார்கள். எங்கள் அனுபவம் வேறு. மதியம் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறவர் மாலையில் சிடுசிடுக்காமல் எடை போடுகிறார். நாளெல்லாம் நின்றவருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் கால் கடுக்கும். அந்தக் கடுப்பு வாடிக்கைக்காரர் மேல்தான் போகும். ஆண்டுக்கணக்கில் நின்றவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருவதையும் நாம் பார்த்திருக்கிறோம். நம் அப்பா காலத்து ஆட்கள் பலருக்கு அது இருந்தது. நாம் அதை வயசு என்று சொல்லிக்கொண்டோம்.

முக்காலியை எங்கே போடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கிடங்கின் மூலையில் போட்டால் யாரும் உட்காரமாட்டார்கள்; முதலாளி தேடுவாரே என்ற பயம். எடை மேடைக்குப் பின்னால், வாசல் தெரிகிற இடத்தில் போட வேண்டும். வாடிக்கைக்காரர் வரும்போது எழுந்துகொள்ளட்டும். நாம் உள்ளே வரும்போது எழுந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்வதுதான் கஷ்டம். எங்கள் பெரியவருக்கு அதைப் பழகிக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று.

நேரமும் விடுமுறையும்

சட்டத்தின் மற்ற விதிகளையும் சுருக்கமாக நினைவுபடுத்துகிறோம். ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கூடுதல் நேரம் வாங்கினால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி வரைதான். அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு மணி நேர ஓய்வு. ஓய்வையும் சேர்த்து வேலை நாள் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. இதைத் தவிர நோய்க்கு 12 நாளும், தற்செயல் விடுப்பு 12 நாளும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் நிறுத்தக் கூடாது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது பற்றிப் பேச்சே இல்லை, அது குற்றம்.

இதையெல்லாம் படித்தவுடன், "பதினைந்து மணி நேரம் கடை திறக்கிறவனுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்பீர்கள். கடை திறந்திருக்கிற நேரம் வேறு, ஓர் ஆள் நிற்கிற நேரம் வேறு. இரண்டு ஆள் இருந்தால் ஒருவர் காலையில் முன்னதாக வந்து மாலையில் முன்னதாகப் போகட்டும். மற்றவர் பத்து மணிக்கு வந்து இரவு வரை இருக்கட்டும். ஓர் ஆள்தான் என்றால் மதியம் மந்தமான நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு வரட்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேர வரம்பை நினைவில் வைத்துக்கொண்டு, காலைத் திறப்போ இரவு மூடலோ இரண்டில் ஒன்றை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி முதலாளி குடும்பத்தார் ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள். அதனால்தான் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை மணி நேரம் கடையில் நின்றாலும் கேட்க ஆளில்லை. அவர்களுக்கும் சேர்த்தே முக்காலி வாங்குங்கள்.

மே 5 வணிகர் தினத்தன்று நாம் கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். அன்றைய சம்பளத்தை ஊழியருக்குப் பிடித்தவர்கள் யாராவது நம்மில் இருந்தால், அடுத்த ஆண்டு அதைச் செய்ய வேண்டாம். நம் உரிமைக்காக அடைத்த கடைக்கு அவர் ஏன் கூலி இழக்க வேண்டும்?

எப்படி அழைக்கிறோம்?

நம் வட்டாரத்தில் இது கொஞ்சம் நுட்பமான விஷயம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கடைக்கு வருகிறவர்களை இரண்டு மொழியிலும் மரியாதையாக அழைக்க நமக்குத் தெரியும். ஊழியரை அழைக்கும்போது மட்டும் இரண்டு மொழியிலும் மரியாதை காணாமல் போய்விடுகிறது.

வயதில் சிறியவரை "வாப்பா", "தம்பி" என்று அழைப்பதில் தவறில்லை, பிரியமாகவே ஒலிக்கும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவரை, அவர் பிள்ளை சாக்லேட் வாங்க வந்து நிற்கும்போது, "டேய்" என்று கூப்பிடுவதுதான் கூடாது. அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் நாம் நிறுத்தியிருப்போம். பெண் ஊழியரைப் பெயர் சொல்லியோ "அம்மா" என்றோ அழைக்கலாம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கிற நம் நண்பர்களிடம் ஒடிசா, பீகார் பிள்ளைகள் மூட்டை தூக்குகிறார்கள். கடைக்கு வாங்க வருகிறவர்களும் அவர்களே. வாங்க வருகிறவரை "பையா" என்று குழைந்து அழைத்துவிட்டு, மூட்டை தூக்குகிறவரை "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிடுகிற கடையும் உண்டு. இரண்டு பேரும் இரவில் ஒரே அறையில் படுக்கிறவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த அறையில் நம் கடையைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்கவே கூடாதா என்றால், கண்டிக்கத்தான் வேண்டும். எடை குறைத்துப் போட்டவரை, காலாவதியான மாவைத் தள்ளிவிட்டவரை, கைப்பேசியில் மூழ்கி வாடிக்கைக்காரரைக் காக்க வைத்தவரைக் கண்டிக்காவிட்டால் கடை போய்விடும். செய்த காரியத்தைச் சொல்லிக் கண்டியுங்கள். அவர் ஜாதியையும் வீட்டையும் படிப்பையும் இழுக்காதீர்கள். வாடிக்கைக்காரர் போன பிறகு சொல்லுங்கள். அன்றைய தப்பை அன்றே பேசி முடித்துவிட வேண்டும். போன தீபாவளியில் உடைத்த எண்ணெய் டின்னை இந்தப் பொங்கலில் எடுத்துப் பேசக் கூடாது.

வாடிக்கைக்காரரே தவறாகப் பேசினால்? இங்குதான் ஊழியர் நம்மை எடை போடுகிறார். நிறுத்துக் கொடுத்தது சரியாக இருந்தும், குறைவு என்று ஒருவர் சத்தம் போட்டால், "மறுபடி தராசில் வைத்துப் பார்த்துவிடலாம் அய்யா" என்று நாம் வந்து நிற்க வேண்டும். விசாரிக்காமல் ஊழியரைத் திட்டி வாடிக்கைக்காரரைச் சமாதானப்படுத்துவது சுலபம். அப்படிச் செய்தால் மறுநாள் முதல் அந்த ஊழியர் கடைக்காகப் பேசமாட்டார்.

பழையவரும் புதியவரும்

ஊழியர்களுக்குள் வருகிற பிணக்கை நாம் கவனிப்பதில்லை. சில சமயம் நாமே மூட்டிவிடுகிறோம். "அவனைப் பார், எப்படி வேலை செய்கிறான்" என்று ஒருவரைக் காட்டி மற்றவரைக் குத்துவது, ஒருவரைப் பற்றி மற்றவரிடம் உளவு கேட்பது இரண்டும் பழைய கடை வழக்கங்கள். உளவு சொல்கிறவர் முதலில் உண்மையைச் சொல்வார். பிறகு தனக்கு வேண்டியதைச் சொல்வார்.

புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழையவரைவிட ஐந்நூறு கூடக் கொடுத்து ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். ஆள் பஞ்சத்தால் புதியவருக்குக் கூட்டிக்கொடுக்க நேர்ந்தால், பழையவருக்கும் அன்றே கூட்டிவிடுவதுதான் மலிவு. பழையவரிடமே புதியவரை ஒப்படைத்து, "இவருக்கு இரண்டு மாதத்தில் எடையும் பற்று நோட்டும் கற்றுக்கொடுங்கள்" என்று சொன்னால் பொறாமைக்குப் பதில் பொறுப்பு வரும். ஆளறிந்து வேலையை ஒப்படைப்பது பற்றி வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னது மளிகைக் கடைக்கும் பொருந்தும்.

இந்த இடத்தில் நகரத்தார் கடை முறையை நினைத்துப் பார்க்கலாம். பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் கடை நடத்திய அந்த முதலாளிகள், தங்கள் ஏஜெண்டை மூன்று ஆண்டுத் தவணையில் அனுப்புவது வழக்கம். சம்பளம் எவ்வளவு என்பது புறப்படும் முன்பே எழுதப்பட்டுவிடும். ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும். தவணை முடித்துக் கணக்கை ஒப்படைக்கும்போது லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, ஏஜெண்டாகி, ஒரு நாள் தானே கடை வைக்க முடிந்தது. வட்டித் தொழிலின் நல்லது கெட்டது வேறு கதை. அதற்குள் நாம் போகவில்லை. கடல் தாண்டி இருக்கிற ஒருவரிடம் பெரும்பணத்தை ஒப்படைத்துவிட்டு ஊரில் நிம்மதியாக இருக்க அவர்களால் எப்படி முடிந்தது என்பதுதான் நமக்குப் பாடம். உறவுமுறையும் சமூகக் கட்டுப்பாடும் அதில் பெரும்பங்கு என்பது உண்மை. ஆனால் எழுதி வைத்த சம்பளமும், தெரிந்த தவணையும், மேலே ஏற ஒரு படியும் இருந்தன.

தென்மாவட்டத்திலிருந்து வந்து கடை வைத்த அண்ணாச்சிமார் பலரும் இப்படித்தான் முன்னேறினார்கள். ஊரிலிருந்து வந்த பையனின் சம்பளத்தை முதலாளியே பற்றில் வரவு வைத்து, அவன் ஆளானதும் அந்தத் தொகையோடு கொஞ்சம் சரக்கையும் கடனாகக் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தந்தார்கள். இன்று சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது சரியல்ல. மாதாமாதம் கையிலோ வங்கியிலோ போய்ச் சேர வேண்டும். ஆனால், "ஐந்து வருஷம் இரு, மொத்தக் கடையில் எங்கள் பேரில் உனக்குச் சரக்கு எடுத்துத் தருகிறோம்" என்ற அந்த வாக்குறுதியை இன்றும் கொடுக்கலாம். கம்பெனி பஸ் அதைத் தராது.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் கொடுப்பது நம் வழக்கம்; நல்ல வழக்கம். ஆளைக் கட்டிப்போடத்தான் கொடுக்கிறோம் என்றால் அது உறவல்ல, குற்றமும்கூட. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கொடுத்த தொகை, மாதம் பிடிக்கிற தொகை, மீதி ஆகியவற்றை இரண்டு சிறு நோட்டுகளில் எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நாம் மொத்த வியாபாரியிடம் கணக்கு நகல் கேட்பதில்லையா? அதே நியாயம்தான்.

மொத்த வியாபாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. சரக்கு இறக்க வருகிற சுமைப்பணித் தொழிலாளியும், லாரி ஓட்டுநரும், பில் போட வருகிற விற்பனையாளரும் நம் சம்பளத்தில் இல்லை என்பதால் நம் பொறுப்பில் இல்லை என்று ஆகிவிடாது. கோடை மதியத்தில் ஐம்பது மூட்டை இறக்கியவருக்குக் குடிக்கத் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று காட்டாத கடைகள் இருக்கின்றன. இறக்குகூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிட்டால், இறக்கி முடித்த பிறகு வருகிற வாக்குவாதம் இருக்காது. பழக்கமான சுமைத் தொழிலாளி, ஈரமான சர்க்கரை மூட்டையையும் ஓட்டை விழுந்த அரிசி மூட்டையையும் இறக்கும்போதே தனியாக வைத்து நமக்குக் காட்டுவார். முகம் காட்டாதவரிடம் அவரும் காட்டமாட்டார்.

எங்கள் பழைய தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார். எங்களிடம் வேலைக்கு வரவில்லை. சோளிங்கர் போகிற பாதையில் சொந்தமாக ஒரு சிறு கடை போட்டிருக்கிறார். முதல் சரக்கை எங்கள் பேரில் எடுத்துக்கொடுக்கிறோம் என்று நாங்களே போய்ச் சொன்னோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டார். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் கட்டுகிறார், தவணை தவறியதில்லை. கட்டும்போது எங்கள் முன்னால் எண்ணி, சீட்டில் இருவர் கையெழுத்தும் விழுந்த பிறகுதான் கிளம்புவார்.